சாயங்காலப் புள்ளி

நவம்பர் 4, திங்கள்

காலை 2,140. சாயங்காலம் 2,090.

இந்த நோட்டில் புள்ளியை மட்டும் எழுதினால் போதும் என்றுதான் கோகிலவாணி சொன்னாள். ஆனால் இருநூறு பக்க நோட்டில் ஒரு நாளைக்கு இரண்டு எண்ணை எழுதிவிட்டு மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மாவு அரைத்து விற்கிறவளுக்கு எதையும் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. எந்த அரிசி, எத்தனை மணி நேரம் ஊறியது, மழையா வெயிலா, எல்லாம் எழுதுவேன். ஒரு நாள் மாவு பொங்காமல் போனால் பழைய பக்கத்தைப் புரட்டினால் காரணம் கிடைத்துவிடும்.

இவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கால் தப்பித்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு பாதிதான் வருகிறது. பொழுதுபோக்கு பார்க்கில் பதினாலு வருடமாக எலெக்ட்ரீஷியன். பேய்க்கோட்டை முழுக்க இவர் பொறுப்பு. எட்டுப் பேர் உட்காரும் வண்டி இருட்டுக்குள் போகும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் துப்பாக்கி. ஆறு அறைகளில் அங்கங்கே எழும்பும் பேய்ப் பொம்மைகளைச் சுட வேண்டும். பட்டால் பொம்மை அலறும், புள்ளி ஏறும். அதையே வீட்டு டிவியில் விளையாடுகிற வீடியோ கேமாகச் செய்து பார்க் கடையில் விற்கிறார்கள். ஆயுத பூஜைக்கு ஊழியர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்களாம். இவருடைய சூப்பர்வைசர் ரங்கராஜ் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். கை விழுந்த மனுஷனுக்குத் துப்பாக்கியா என்று எரிச்சலில் பீரோ மேல் போட்டிருந்தேன்.

அது கோகிலாவின் கண்ணில் பட்டது. கிளினிக்கிலிருந்து தினமும் காலை பத்தரைக்கு வந்து இவருக்குப் பயிற்சி கொடுக்கிற பெண். இருபத்தாறு வயது.

"அம்மா, இதவிட நல்ல பயிற்சி எதுங்க? துப்பாக்கியத் தூக்கோணும், நேரா நிறுத்தோணும், விரலால அமுக்கோணும். மூணும் இதுலயே வந்துருது."

டிவிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புப் பட்டை ஒன்றை ஒட்டினாள். துப்பாக்கி அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் குறியை வைக்குமாம். டிவியில் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும், அதுதான் குறி. "பட்டைக்கு முன்னால எதையும் வெச்சு மறைச்சுராதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். காலையில் அவள் முன்னால் ஓர் ஆட்டம், சாயங்காலம் என் முன்னால் ஓர் ஆட்டம், இரண்டின் புள்ளியும் இந்த நோட்டில்.

ஜனவரி ஆறாம் தேதி பார்க் டாக்டர் இவரைச் சோதிக்கிறார். வலது கையால் டெஸ்டரைப் பிடித்து ஸ்குரூ கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். முடிந்தால் பழைய வேலை. முடியாவிட்டால் வாசல் கேட்டில் டிக்கெட் கிழிக்கிற வேலை. இவர் அதற்குப் போகமாட்டார். போனாலும் இவர் இவராக இருக்கமாட்டார்.

நவம்பர் 6, புதன்

காலை 2,260. சாயங்காலம் 2,240.

இவர் விளையாடுவதைப் பார்த்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. பொம்மை எழுவதற்கு முன்பே கை அங்கே போய் நிற்கிறது. எது எப்போது எழும் என்று இவருக்கு மனப்பாடம். மூன்றாவது அறை எலும்புக்கூடு கையைப் பாதிதான் தூக்கும். அந்தக் கையை இவர்தான் கம்பி வைத்துக் கட்டினாராம். கேம் செய்தவர்கள் அதைக்கூட விடாமல் அப்படியே எடுத்திருக்கிறார்கள். "என்ற... கம்பி" என்று காட்டிச் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது. இருந்தாலும் சிரிப்புதான்.

உளுந்து புதிது. தண்ணீர் கூட இழுக்கிறது.

நவம்பர் 8, வெள்ளி

காலை 2,310. சாயங்காலம் 1,720.

சஷ்டி முடிந்த கையோடு நாற்பத்தெட்டு நாள் சாயங்கால விளக்கு வேண்டிக்கொண்டேன். இவர் கை திரும்ப வேண்டும், அது மட்டும்தான். சமையலறை அலமாரியில் இருந்த மருதமலை முருகன் படத்தை எடுத்துவந்து டிவி மேஜையில் வைத்தேன். இவர் நாள் முழுக்க அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். விளக்கு இவர் கண்ணுக்கு எதிரே எரியட்டும். பட்டையை மறைக்கவில்லை, பக்கத்தில்தான் வைத்தேன்.

சாயங்காலம் களைத்துப்போயிருந்தார் போல. ஒரு நாள் அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 12, செவ்வாய்

காலை 2,450. சாயங்காலம் 1,380.

நான்கு நாளாக இதே கதை. காலையில் ஏறுகிறது, சாயங்காலம் இறங்குகிறது. நேற்றிலிருந்து இரண்டு விளக்காக ஏற்றுகிறேன்.

காலையில் மாவு கட்டிக்கொண்டே ஹாலை எட்டிப் பார்த்தேன். கோகிலா இவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். "அப்பா, அந்தக் கெணத்துப் பொம்பளைய விட்டுட்டீங்களே, அவ கோவிச்சுக்கப் போறா" என்றாள். இவர் சிரித்தார். சத்தம் வருமளவுக்குச் சிரித்தார். சாயங்காலம் கிணற்றிலிருந்து அதே பெண் பேய் எழும்போது நான் அதே போலச் சொல்லிப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15, வெள்ளி

காலை 2,520. சாயங்காலம் 1,150.

ஓசூரிலிருந்து சிந்துஜா போன் செய்தாள். மகளிடம் சொன்னேன்.

"காத்தால அந்தப் புள்ள இருக்கறப்ப கை கல்லு மாதிரி நிக்குது. பொழுதாச்சுன்னா ஆடுது. என்ன கை இது?"

"களைப்பா இருக்கும்மா."

"நாள் பூரா உக்காந்திருக்கறவருக்கு என்ன களைப்பு?"

"நீ பக்கத்துல நின்னு மொறைக்காம இரு, எல்லாம் சரியாப் போகும்."

பெற்ற மகளுக்கும் நான்தான் குற்றவாளி.

நவம்பர் 18, திங்கள்

காலை 2,610. சாயங்காலம் 640.

ஐந்து விளக்கு. மேஜை முழுக்க ஜோதியாக இருந்தது, கும்பிடும்போது கண்ணீர் வந்துவிட்டது. இவர் மூன்றாவது அறையிலேயே துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டார். எத்தனை நெய் ஊற்றினாலும் பார்க்கிற மனசு இங்கே இல்லையென்றால் முருகன் என்ன செய்வார். மனசு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா.

நவம்பர் 20, புதன்

காலை 2,640. சாயங்காலம் 590.

கிளினிக்குக்கு ஒரு போன் செய்தேன்.

நவம்பர் 21, வியாழன்

காலை இல்லை. சாயங்காலம் 520.

பத்தரைக்கு இவர் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்றுக்கு வாசலைப் பார்த்தார். பதினொன்றரைக்கு என்னைப் பார்த்தார். இனி கோகிலா வரமாட்டாள் என்றேன். ஏன் என்று கையால் கேட்டார். காரணம் சொன்னேன்.

போட்ட சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் எனக்கு மாவு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இனிப் பயிற்சி சாயங்காலம் மட்டும்தான். நான் பார்த்துக்கொள்வேன். பெரிய படிப்பா இது.

நவம்பர் 24, ஞாயிறு

சாயங்காலம் 410.

இன்று கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். "அவ முன்னால மட்டும் நிக்கற கைய எனக்கு முன்னால எதுக்குங்க ஆட்டறீங்க" என்றேன். இவர் துப்பாக்கியை இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினார். பீரோவைக் காட்டினார். எடுத்து மேலே வைத்தேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

ரங்கராஜ் வந்திருந்தார். இவர் அவரிடம், நானாகப் பேச்சை எடுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"கேட்டு வேலை... போதும். கை... வராது."

"அண்ணா, அதுக்குள்ள எதுக்கு இப்பிடிப் பேசறீங்க? சோதனைக்கு இன்னும் ஒன்றரை மாசம் கெடக்குது."

"வராதுன்னு... சொல்லிட்டாங்க."

யார் சொன்னது என்று ரங்கராஜ் என்னைப் பார்த்தார். நான் காபி கொண்டுவர உள்ளே போய்விட்டேன். கேட் வேலைக்கு எழுதிக் கொடுக்கும் முன் பத்து நாள் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 27, புதன்

பொள்ளாச்சியில் பெரிய பங்காளி தவறிவிட்டார். இவருக்குப் பெரியப்பா முறை. பதினாறு நாள் தீட்டு. விளக்கேற்றக் கூடாது. வேண்டுதல் இருபதாவது நாளில் நின்றுபோய்விட்டது. எல்லாம் ஒரே நேரத்தில்தான் வந்து விழுகிறது. விளக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். காரியத்துக்குச் சிந்துஜா வருகிறாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

சாயங்காலம் 2,380.

சிந்துஜா பீரோ மேலிருந்து துப்பாக்கியை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். "ஒரே ஒரு ஆட்டம், எனக்காக" என்றாள். மகள் கேட்டால் மறுக்கமாட்டார். முதல் அறையில் தயங்கித் தயங்கித் தூக்கினார். இரண்டாவது அறையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது அறையில் எலும்புக்கூட்டைச் சுட்டுவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் அன்றைக்கு உறைக்கும்படி பேசியதும் வீண் போகவில்லை என்று தோன்றுகிறது.

டிசம்பர் 5, வியாழன்

சாயங்காலம் 2,690.

இவரே துப்பாக்கியைக் கேட்டு வாங்குகிறார். ரங்கராஜுக்குச் சிந்துஜா போன் போட்டு, எழுதிக் கொடுக்க வேண்டாம், அப்பா சோதனைக்கு வருவார் என்று சொல்லிவிட்டாள். அவளிடம் சொன்னேன், பார்த்தாயா, பிசியோதெரபிஸ்ட் இல்லாமலே நடக்கிறது என்று. அவள், "அந்த அக்கா ஏம்மா நின்னாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு வேறு ஏரியா கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

சாயங்காலம் 2,810. சிந்துஜா ஊருக்குப் போனாள். அவள் போனதும் விழும் என்று பயந்தேன். விழவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

சாயங்காலம் 2,900.

தீட்டு கழிந்தது. வீடு கழுவினேன். நாளைக்குக் கார்த்திகை தீபம். விட்ட வேண்டுதலை முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டிசம்பர் 13, வெள்ளி

சாயங்காலம் 280.

வாசலில் பதினாறு, ஜன்னலில் நான்கு, டிவி மேஜையில் ஏழு விளக்கு. புதுச் சட்டை போட்டு உட்கார்ந்தார். முதல் பொம்மை எழுந்தது. சிவப்புப் பொட்டு டிவியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது. இவர் முகம் வெளுத்துவிட்டது. கையைக் கீழே இறக்கி, அதை இடது கையால் பிடித்துக்கொண்டார். அந்த வலது கை நடுங்கவே இல்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்தப் பொண்ணு... சரியாத்தான்... சொல்லிருக்குது" என்றார்.

துப்பாக்கியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

டிசம்பர் 14, சனி

மாவு பொங்காமல் போனால் பக்கத்தைப் புரட்டுகிறவள், இதற்கு ஏன் ஒரு நாளும் புரட்டவில்லை என்று தெரியவில்லை. இன்று மத்தியானம் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். விளக்கு வைக்காத நாள் நல்ல நாள். விளக்கு வைத்த நாள் கெட்ட நாள். ஒன்று என்றால் ஒரு அளவுக்கு இறக்கம், ஐந்து என்றால் அதிக இறக்கம். தீட்டு இருந்த பதினாறு நாளில் ஆடியதெல்லாம் ஏற்றம்.

முதலில் என்ன நினைத்தேன் என்று எழுதிவிடுகிறேன். என் கையால் ஏற்றுகிற விளக்கு முருகனுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஏன் வேண்டாம் என்று எனக்கே தெரியும் என்பதால் அப்படி நினைத்தேன்.

ஆறு மணிக்கு விளக்கேற்றினேன், ஒன்றே ஒன்று. இவர் கொல்லைப்பக்கம் இருந்தார். டிவியில் கேம் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது, துப்பாக்கி நேற்று வைத்த இடத்தில், டிவியைப் பார்த்தபடி நாற்காலியில் கிடந்தது. மனசு கேட்காமல் விளக்கை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினேன். டிவியில் சிவப்புப் பொட்டு என்னோடு நகர்ந்தது. நின்றேன், நின்றது. இடது பக்கம் போனேன், அதுவும் போனது. துப்பாக்கியை யாரும் தொடவில்லை.

பட்டை என்று நினைத்து அது விளக்கைப் பார்த்திருக்கிறது. ஒரு விளக்கென்றால் கொஞ்சம் குழம்பியது, ஐந்து என்றால் ரொம்பக் குழம்பியது. இவருடைய கையில் ஒன்றுமே இல்லை. கோகிலா காலையில் மட்டும் வருகிறவள், அவள் விளக்கைப் பார்த்ததே இல்லை.

ஊதி அணைக்கக் கூடாது என்பார்கள். ஊதி அணைத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

சொல்லவில்லை. படத்தையும் விளக்கையும் சமையலறைக்கே கொண்டுபோய்விட்டேன். இனி விளையாடினால் தானாக ஏறிவிடும், சொல்லியாக வேண்டும் என்று என்ன இருக்கிறது. "இன்னைக்கு ஒரு ஆட்டம் பாருங்களேன்" என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டார்.

டிசம்பர் 16, திங்கள்

இன்றும் தொடவில்லை. கெஞ்சினேன். முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார். ரங்கராஜின் நம்பரைக் காட்டி, போன் போடு என்றார். கேட் வேலைக்குச் சரி என்று சொல்லத்தான். பாட்டரி இல்லை என்று பொய் சொன்னேன். இப்போதெல்லாம் எனக்குப் பொய் தடையில்லாமல் வருகிறது.

விளக்கைப் பற்றிச் சொல்வது கஷ்டமில்லை. அது யாருக்கும் வரக்கூடிய தப்பு. அதைச் சொன்னால் இவர் அடுத்து என்ன கேட்பார் என்பதுதான் கஷ்டம்.

டிசம்பர் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இவரை நாற்காலியில் உட்காரவைத்து, துப்பாக்கியை மடியில் வைத்து, விளக்கை ஏற்றி டிவி முன்னால் நடந்து காட்டினேன். இவருக்கு இரண்டு நொடி போதுமாயிருந்தது. பதினாலு வருடம் அந்தத் துப்பாக்கிகளோடு கிடந்தவர். "வெளிச்சம்" என்றார். பார்க்கில் அந்த இருட்டுக்குள் யாராவது தீக்குச்சி கிழித்தால் துப்பாக்கி எல்லாம் கெட்டுப்போகும் என்று எப்போதோ என்னிடம் சொல்லியிருக்கிறார். தன் வீட்டில் மனைவி ஏற்றுகிற விளக்கை மட்டும் இவர் சந்தேகப்படவில்லை.

சிரித்தார். என்னிடம் அப்படிச் சிரித்து மூன்று மாதம் இருக்கும். "வெளக்கு... வெச்சே... கெடுத்துட்டயே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளக்கை எடுத்துக்கொண்டு போ என்று கையாட்டிவிட்டு ஓர் ஆட்டம் ஆடினார். 2,870. கையைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப அந்தப் பொண்ணு... எதுக்கு அப்பிடி... சொல்லுச்சு?"

நவம்பர் 21-ஆம் தேதி 'காரணம் சொன்னேன்' என்று எழுதியிருக்கிறேன். என்ன காரணம் என்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். "இந்தக் கை இனித் தேறாது, நான் வந்து பிரயோசனம் இல்லைன்னு அந்தப் புள்ளயே சொல்லிட்டுப் போயிருச்சுங்க" என்று சொன்னேன். அவள் மேல் இவருக்கு வெறுப்பு வரட்டும் என்று சொன்னேன். வெறுப்பு வரவில்லை. அவள் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்.

"அது சொல்லலீங்க. நாந்தான் சொன்னேன்."

"அப்ப... ஏன் வரல?"

கிளினிக்குக்குப் போன் செய்ததையும் சொன்னேன். வயசுப் பொண்ணு, தொட்டுத் தொட்டுப் பேசுகிறாள், சிரிக்கிறாள், எங்கள் குடும்பத்துக்குச் சரிப்படாது என்று கிளினிக் டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன். அவள் வந்த முதல் நாளிலிருந்து இவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். அது எனக்கு அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இவர் என்னிடம் சிரிக்காததை அவளிடம் சிரித்தார், அவ்வளவுதான் விஷயம். அதைப் போய் இப்படிச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். எழுதவே கூசுகிறது.

இவர் திட்டவில்லை. திட்ட வார்த்தை வராததாலா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"கூப்பிடு" என்றார்.

டிசம்பர் 19, வியாழன்

இரண்டு நாளாகத் துப்பாக்கியைத் தொடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தைதான். கூப்பிடு.

டிசம்பர் 20, வெள்ளி

கிளினிக்குக்குப் போன் செய்தேன். "அது ஒரு தப்பான புரிதலுங்க டாக்டர். அந்தப் பொண்ணையே மறுபடி அனுப்பி வெச்சீங்கன்னா நல்லாருக்கும்" என்றேன். தப்பாக யார் புரிந்துகொண்டது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வார்த்தை வசதியாக இருந்தது, யார் தலையிலும் விழவில்லை.

கோகிலாவை ஒரு மாதமாக வீடுகளுக்கு அனுப்புவதில்லையாம். புகார் வந்த ஆள் என்பதால் கிளினிக்கிலேயே டோக்கன் கொடுக்க வைத்திருக்கிறார்களாம். அவளிடம் கேட்டுப் பார்க்கிறேன், அவளுக்கு இஷ்டம் என்றால் வருவாள் என்றார்.

டிசம்பர் 23, திங்கள்

காலை 2,890.

வந்தாள். வாசற்கதவை அவளே அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு பெரிய ரிஜிஸ்டர். கட்டம் போட்டு அவளே கோடு கிழித்திருக்கிறாள். தேதி, வந்த நேரம், போன நேரம், பயிற்சி, வீட்டார் கையெழுத்து, குறிப்பு.

"நாம்பாட்டுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருவேனுங்க. முடிக்கற வரைக்கும் நீங்க இங்கயே உக்காந்திருக்கோணும். போறப்ப கையெழுத்துப் போட்ருங்க."

"எதுக்கு கண்ணு இதெல்லாம்?"

"எனக்கு வேணுங்கம்மா."

இவர் முழங்கையை அவள் தொடவில்லை. ஒரு துண்டைச் சுற்றி அதைப் பிடித்துத் தூக்கினாள். கிணற்றுப் பெண் வந்தாள், போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இவர் இரண்டு முறை கோகிலாவின் முகத்தைப் பார்த்தார். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வைத்த காபி ஆறி ஏடு படிந்தது.

'குறிப்பு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி

காலை 3,040. மூவாயிரம் தாண்டியது இதுதான் முதல் தடவை. முன்பென்றால் கை தட்டியிருப்பாள். "நல்லதுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பையைப் பூட்டினாள்.

கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 1, புதன்

காலை 3,110. இப்போது துப்பாக்கி பாதி நேரம், ஸ்குரூ பாதி நேரம். பழைய சுவிட்ச் பலகை ஒன்றில் எட்டு ஸ்குரூ. இவர் கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம் ஆகிறது.

கோகிலாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். அவள் தனியாக நிற்கிற மாதிரி ஒரு நொடியும் எனக்குத் தருவதில்லை. இதுவும் சாக்குத்தான். எல்லார் முன்னாலும் சொல்லலாமே.

கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

பஸ்ஸில் போனோம். பார்க் டாக்டர் ஆறு ஸ்குரூ கொடுத்தார். இவர் டெஸ்டரை வலது கையில் பிடித்தார். ஆறையும் கழற்றினார், ஆறையும் மாட்டினார். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து அந்தக் கையாலேயே எடுத்தார். அதைப் பார்த்துத்தான் டாக்டர் பேப்பரில் எழுத ஆரம்பித்தார். தை முதல் பழைய வேலை, முதலில் அரை நாள்.

ரங்கராஜ் ஓடி வந்து இவரைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எல்லாம் அக்கா பாத்துக்கிட்ட பக்குவமுங்க டாக்டர். வேற யாரா இருந்தாலும் இந்நேரம் அண்ணன் கேட்டுலதான் நின்னுருப்பாரு."

டாக்டரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். இவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இன்றைக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாழ்க்கையில் இதைவிட வெட்கப்பட்ட நாள் எனக்கு இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

கோகிலா வருவது இன்றோடு முடிந்தது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தாளில் எழுதி இவர் கையில் கொடுத்தாள். ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினாள்.

"கடைசிக் கையெழுத்துங்கம்மா."

போட்டேன். பேனாவைக் கீழே வைக்கவில்லை. 'குறிப்பு' கட்டத்தில் எழுதத் தொடங்கினேன். கட்டம் சின்னது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று கீழே காலியாக இருந்த கட்டங்கள் வரைக்கும் போனது.

'நவம்பர் 20-ஆம் தேதி கோகிலவாணியைப் பற்றி நான் கிளினிக்கில் சொன்னது பொய். அது தப்பான புரிதல் இல்லை, பொறாமையில் தெரிந்தே சொன்னது. என் கணவர் கை தேறாது என்று கோகிலவாணி சொன்னதாக நான் வீட்டில் சொன்னதும் பொய். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. என் கணவர் மறுபடி வேலைக்குப் போவது கோகிலவாணியால்தான். நா. வசந்தாமணி.'

அவள் நின்றுகொண்டே படித்தாள். 'கை தேறாது' என்ற இடத்தில் நிறுத்தி இவரை ஒரு தரம் பார்த்தாள். அது அவளுக்கு இதுவரை தெரியாது. கண் கலங்கியது. ஆனால் என்னிடம் பேசும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தேதி போடலீங்களே."

போட்டேன்.

"சாட்சிக்கு ஒருத்தர் கையெழுத்து வேணுங்க. நானா மெரட்டி எழுதி வாங்குனேன்னு நாளைக்கு யாரும் சொல்லிரக் கூடாது."

பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடட்டுமா என்று நான் எழுந்தேன். என் தலை எவ்வளவு இறங்கியிருந்ததென்றால், அதற்கும் தயாராக இருந்தேன்.

"இங்க... குடு" என்றார் இவர்.

ரிஜிஸ்டரை மடிக்கு இழுத்துக்கொண்டார். பேனாவை வலது கையில் வாங்கினார். இரண்டு முறை விரலை மாற்றிப் பிடித்துப் பார்த்தார். நான் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப் போல ஒவ்வொரு எழுத்தாக, கோடு வளைந்தாலும் விடாமல், முழுப் பெயரையும் எழுதினார். நாச்சிமுத்து.

கை விழுந்ததற்குப் பிறகு இவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.